எந்த மேசையில் எந்தக் காகிதம்

பாளையங்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சேக்காளிக்கு,

உம் கடிதம் வந்து பத்து நாளாச்சு. உடனே பதில் போடாதது என் தப்புதான், வே. வட்டாரக் கல்வி அலுவலராக உத்தரவு வாங்கின சேதியை நாலு வரியில் முடித்துவிட்டு, மிச்சம் மூன்று பக்கமும் அறிமுகக் கூட்டத்தைப் பற்றியே எழுதியிருக்கிறீர். முதன்மைக் கல்வி அலுவலர் புதிது, தொடக்கக் கல்விக்கான மாவட்டக் கல்வி அலுவலர் புதிது, உம் வட்டாரத்தில் உம்மோடு இன்னொருத்தரும் புதிது. எல்லாரையும் தலைமையாசிரியர்களுக்கு அறிமுகப்படுத்தும் பொறுப்பு உம் தலையில். மண்டபம் பிடிக்கணுமா, சால்வை எத்தனை, சாப்பாடு உண்டா என்று கேட்டிருக்கிறீர். மதினி, பிள்ளைகள் சௌக்கியம்தானே? இங்கே எல்லாரும் சுகம். சாரல் இன்னும் பாளைக்கு இறங்கவில்லை, மேல்காத்து மட்டும் வீசுகிறது.

நம்ம மூக்குப்பொடி சாரிடம் உம் புதுப் பதவி விஷயத்தைச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். உம்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம்.

இனி காரியம். மண்டபம் வேண்டாம், சால்வையும் வேண்டாம். நம்ம பக்கத்து அறிமுகக் கூட்டம் எப்படி நடக்கும் என்று உமக்கே தெரியும். பத்து மணி என்று போட்டுப் பதினொன்றரைக்குத் தொடங்குவார்கள். சங்கத்துக்குச் சங்கம் பொன்னாடை, அப்புறம் வாழ்த்துரை, அப்புறம் ஏற்புரை, அப்புறம் தயிர்சாதம். வெளியே செருப்பைத் தேடும்போது ஒரு தலைமையாசிரியர் இன்னொருவரிடம் கேட்பார்: "எம் பணிப்பதிவேடு இப்ப யார்ட்ட இருக்கு, சார்?" அதற்குப் பதில் அந்த மூன்று மணி நேரத்தில் யார் வாயிலிருந்தும் வந்திருக்காது. கூட்டம் முடிந்து போகிறவருக்கு நாளைக்கு ஒரு காகிதத்தை எந்த மேசையில் வைக்கணும் என்று தெரிந்திருந்தால், அதுதான் அறிமுகம்.

இதில் குழப்பம் சும்மா வரவில்லை. 2018இல் மாவட்டத் தொடக்கக் கல்வி அலுவலர் பதவியையே எடுத்தார்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே மாவட்டக் கல்வி அலுவலர் என்று ஆயிற்று. உதவித் தொடக்கக் கல்வி அலுவலர் என்ற பெயர் வட்டாரக் கல்வி அலுவலர் என்று மாறினதும் அப்போதுதான். 2022இல் மறுபடி பிரித்து இடைநிலைக்கு ஒருவர், தொடக்கக் கல்விக்கு ஒருவர், தனியார் பள்ளிகளுக்கு ஒருவர் என்று வைத்தார்கள். நடுவில் 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமாகப் போனது. இத்தனையும் நாலே வருஷத்தில். இன்னும் பாதிப் பேர் கடிதத்தின் மேல் பழைய பதவிப் பெயரைத்தான் எழுதுகிறார்கள், தபால் ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்குத் திருப்பி விடப்படுகிறது, பதினைந்து நாள் போய்விடுகிறது.

பாளையில் ஒரே மதில் சுவருக்குள் நிற்கிற பள்ளிகளைப் பாரும். உதவிபெறும் தொடக்கப்பள்ளி ஒன்று, அதே நிர்வாகத்தின் உதவிபெறும் மேல்நிலைப்பள்ளி ஒன்று, பக்கத்திலேயே சுயநிதி ஆங்கிலவழிப் பள்ளி ஒன்று. தாளாளர் ஒருவரே. தொடக்கப்பள்ளி ஆசிரியர் நியமன ஒப்புதல் தொடக்கக் கல்வி அலுவலரிடம், மேல்நிலைப்பள்ளிக்கு இடைநிலை அலுவலரிடம், சுயநிதிப் பள்ளியின் அங்கீகாரப் புதுப்பிப்பு தனியார் பள்ளிகள் அலுவலரிடம் போகணும். தென்னிந்தியத் திருச்சபையின் டி.டி.டி.ஏ. பள்ளிகளும் ஆர்.சி. பள்ளிகளும் ஊருக்கு ஊர் இருக்கிற சீமை இது. ஆகையால் தாளாளர்களையும் அழையும். ஊராட்சி ஒன்றியப் பள்ளித் தலைமையாசிரியர்களை மட்டும் கூப்பிட்டுவிட்டு அறிமுகம் முடிந்தது என்றால், பாதி வட்டாரத்துக்கு உம்மைத் தெரியாது.

ஒரே ஒரு தாள் தயார் பண்ணும். இரண்டு பக்கம், மூன்று கட்டம்: என்ன வேலை, யார் மேசை, கூட என்ன இணைக்கணும். விடுப்பு, ஊதிய உயர்வு, பணிப்பதிவேட்டுப் பதிவு எல்லாம் உம் அலுவலகம். உம் வட்டாரத்துக்கு அலுவலர் இரண்டு பேர் என்கிறீரே, எந்தப் பள்ளி யாருக்கு என்று பள்ளிப் பெயரோடு போடும். "வடக்குப் பக்கம் அவர், தெற்குப் பக்கம் இவர்" என்று வாயால் சொன்னால் நடுவில் கிடக்கிற நாலு பள்ளி அநாதையாகும். சம்பளப் பட்டியலில் கையெழுத்துப் போடும் அலுவலர் யார் என்பதைத் தடித்த எழுத்தில் போடும். பயிற்சி, ஆசிரியர் பயிற்றுநர் வருகை எல்லாம் வட்டார வள மைய மேற்பார்வையாளர் பக்கம். அவரையும் உம்மையும் ஒரே ஆள் என்று நினைக்கிற பெற்றோர் நிறைய. சத்துணவு அமைப்பாளர் இடம் காலி என்றால் உம்மிடம் வந்து பிரயோசனம் இல்லை, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குப் போகணும். அதையும் எழுதும். நம்மிடம் இல்லாத வேலை எது என்று சொல்லிவிட்டால் பாதி அலைச்சல் குறையும்.

சான்றிதழ் உண்மைத்தன்மைக்கு ஒரு வரி ஒதுக்கும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புச் சான்று என்றால் அரசுத் தேர்வுகள் இயக்ககம். பட்டம் என்றால் அதைக் கொடுத்த பல்கலைக்கழகம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல்தான் வந்தது. அதற்கு முன்னால் நம்ம ஊர்க் கல்லூரியில் படித்தவர்களின் பட்டம் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும். அதைத் தெரியாமல் அபிஷேகப்பட்டியில் இருக்கிற சுந்தரனார் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டு, பதில் வரவில்லை என்று வருஷக்கணக்கில் காத்திருப்பார்கள்.

இடியும் நிலையில் இருக்கிற கட்டடம் யார் மேசை என்பது தாளின் முதல் வரியாக இருக்கணும், வே. 2021 டிசம்பரில் நம்ம திருநெல்வேலியிலேயே பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று பிள்ளைகள் போனார்கள். ஒன்றியப் பள்ளி என்றால் தலைமையாசிரியர் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுதணும், நகல் உமக்கு. ஒன்றியப் பொறியாளர் வந்து பார்த்துச் சான்று தரணும், அதன்பிறகுதான் இடிக்க உத்தரவு. அதுவரைக்கும் அந்தப் பக்கம் ஒரு பிள்ளை போகக்கூடாது. பூட்டு, கயிறு, எழுதி வைத்த பலகை மூன்றும் வேண்டும். கூட்டத்திலேயே கேளும்: "யார் பள்ளியில் விரிசல் இருக்கு?" கை தூக்குகிறவர்களின் பெயரை நீரே உம் கையால் எழுதிக்கொள்ளும்.

அடுத்தது உதவியாளர்கள். அலுவலர் இரண்டு மூன்று வருஷத்தில் மாறிப் போவார். இளநிலை உதவியாளருக்குத்தான் எந்தக் கோப்பு எந்தக் கட்டில் கிடக்கிறது என்று தெரியும். மேடையில் நாலு அலுவலரை உட்கார வைத்துவிட்டு அவர்களைக் காபி ஊற்ற விடாதீர். ஏ1 மேசை யார், ஏ2 மேசை யார், என்ன பார்க்கிறார் என்று பெயர் சொல்லி எழுந்து நிற்கச் சொல்லும்.

எப்போது, எங்கே என்று கேட்டீர். ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளை நினைத்துக்கொள்ளும். கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி 60 பிள்ளை வரைக்கும் இரண்டு ஆசிரியர்தான். திசையன்விளைத் தேரிக்காட்டுப் பக்கத்துப் பள்ளியிலிருந்து தலைமையாசிரியர் எட்டு மணி பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டால், அங்கே மிச்சம் ஒரே டீச்சர். ஒன்றாம் வகுப்புக்கு அரிச்சுவடி, ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம், நடுவில் மூக்குச் சிந்துகிற பிள்ளை, வாசலில் சத்துணவு அரிசி மூட்டை இறக்குகிறவன். அன்றைக்கு அங்கே பாடம் இல்லை என்றே வைத்துக்கொள்ளும். மலைப் பாதையில் இருக்கிற பள்ளிக்கு இன்னும் மோசம், இறங்கி ஏற ஒரு நாள் முழுக்கப் போய்விடும். ஆகையால் வட்டாரம் முழுக்க ஒரே இடத்தில் கூட்டாதீர். பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்த குறுவள மையம் வாரியாக, பள்ளி விட்ட பிறகு, ஒரு மணி நேரம். நீங்கள் நாலு பேர் அவர்களிடம் போங்கள். வட்டாரத்துக்கு எட்டு பத்து மையம் இருந்தாலும் இரண்டு வாரத்தில் முடியும். மாதக் கடைசியில் வைக்காதீர், சம்பளப் பட்டியல் நேரம்.

சம்பளம் என்றதும் முக்கியமான கவலை ஒன்று. பொறுப்பு எடுத்த அன்றைக்கே பொறுப்பு ஒப்படைப்புச் சான்றும் உம் மாதிரிக் கையொப்பமும் கருவூலத்துக்குப் போய்விட்டதா? சம்பளம் போடுகிற 'களஞ்சியம்' கணினித் தளத்தில் பழையவர் பெயரை எடுத்து, ஒப்பளிக்கும் அலுவலராக உம் பெயரை ஏற்றிவிட்டார்களா? இது தாமதமானால் வட்டாரம் முழுக்க ஆசிரியர்களுக்கு முதல் மாசச் சம்பளம் நிற்கும். அப்புறம் நீர் எத்தனை அறிமுகக் கூட்டம் போட்டாலும், "சம்பளம் நின்ன மாசம் வந்தவர்" என்றுதான் உம்மை அறிவார்கள்.

பழையவரிடமிருந்து சாவியும் ரொக்கப் புத்தகமும் மட்டும் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடாதீர். பணிப்பதிவேடுகளை ஒவ்வொன்றாக எண்ணும், ஆசிரியர் எண்ணிக்கையோடு ஒத்துப் பாரும். சிலது மாறுதலில் போனவரோடு போகாமல் பீரோவின் அடியில் கிடக்கும், சிலது தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தே சேர்ந்திருக்காது. ஐந்தாறு பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தாலே நிலவரம் தெரியும். விளிம்பு பிய்ந்து, நூல் தளர்ந்து, உள்ளே மஞ்சள் ஏறின தாள். "1.4.2010 முதல் 31.3.2011 வரை பணி சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு வரி, கீழே கையெழுத்து. அடுத்த வரி நேரே 2012இல் தொடங்கும். நடுவில் ஒரு வருஷம் வெற்றிடம். அந்த வருஷத்து அலுவலர் மாறுகிற அவசரத்தில் விட்டது, அடுத்து வந்தவர் தன் காலத்து வேலை இல்லை என்று விட்டது. ஓய்வூதியக் கருத்துரு சென்னைக்கு, மாநிலக் கணக்காயர் அலுவலகத்துக்குப் போனதும் அந்த ஒரு வரிக்காகத் திரும்பி வரும். முப்பது வருஷம் பாடம் எடுத்த மனுஷி பழைய சம்பளப் பட்டியல் நகலைத் தேடி அலைவாள். எனக்கு இதை நினைத்தாலே வயிறு எரிகிறது, வே. உங்கள் புதுக் குழு ஒரே ஒரு வேலை செய்தால் போதும்: அடுத்த இரண்டு வருஷத்தில் ஓய்வு பெறுகிறவர்களின் பதிவேட்டை இப்போதே எடுத்து விடுபட்ட வருஷங்களை நிரப்பும். கூட்டத்தில் இதை ஒரு வாக்காகவே கொடும், தேதி போட்டுக் கொடும்.

வருகிற காகிதங்களைக் குறித்து வைக்கிற தன்பதிவேட்டில் நிலுவை எத்தனை, நீதிமன்ற வழக்கு எத்தனை என்று பழையவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலிருந்து வருகிற உத்தரவு பதவிக்கு வரும், பெயருக்கு வராது. அவர் காலத்தில் நிறைவேற்றாத தீர்ப்புக்கு அவமதிப்பு வழக்கில் நீர்தான் போய் நிற்கணும். தகவல் உரிமை மனுக்களுக்கும் அப்படியே. முப்பது நாள் கணக்கு அலுவலர் மாறினதால் நிற்காது. வாசல் பலகையில் பொதுத் தகவல் அலுவலர் பெயரையும் மாற்றும்.

ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியிட நிர்ணயம் வருகிறது. கூட்டத்தில் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள்: யார் உபரி, யாரைப் பணிநிரவலில் வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். தெரியாததை உறுதி சொல்லாதீர். எண்ணிக்கையைச் சரியாகப் பதியச் சொல்லும், பெயர் மட்டும் பட்டியலில் இருக்கிற பிள்ளையைக் காட்டி இடத்தைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லும்.

பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவிகளுக்கும் அந்தத் தாளில் ஒரு பிரதி கொடுக்கச் சொல்லும். முக்கால்வாசி உறுப்பினர் பெற்றோர்தானே, அவர்களுக்கு உங்கள் பெயர் தெரியாமல் எப்படி? பீடி சுற்றுகிற அம்மா தலைவியாக இருக்கலாம், அவளுக்குப் புரிகிற தமிழில் எழுதும்.

தாளை அடித்து எனக்கு ஒரு பிரதி அனுப்பும். சிவப்பு மையால் திருத்தி மறு தபாலில் அனுப்புகிறேன். சனிக்கிழமை இந்தப் பக்கம் வந்தால் சாரையும் பார்த்துவிட்டுப் போம்.

மதினிக்கு என் வணக்கம்.

உம் பழைய சேக்காளி