அடர்த்தி சொல்லாமல் லிட்டரைக் கிலோவாக்க முடியாது

ஆசிரியருக்கு வணக்கம்.

மாணவர் இணைப்பிதழில் நீங்கள் போட்ட அலகு மாற்று அட்டவணையைப் பார்த்தேன். இதையெல்லாம் தமிழில் போடுவதே பெரிய விஷயம், ஆனால் 'நிமிடத்துக்கு 1 லிட்டர் = மணிக்கு 60 கிலோ' என்று ஒரு வரி இருக்கிறதே, அதை அப்படியே விடக்கூடாது. அது தண்ணீருக்கு மட்டும்தான் சரி, அட்டவணையிலோ தண்ணீர் என்ற பேச்சே இல்லை.

விநாடிக்கு 1 கிலோ என்பதை மணிக்கு மாற்ற 3600-ஆல் பெருக்கினால் போதும், 3600 கிலோ, அதாவது 3.6 டன். குழாயில் எண்ணெய் ஓடினாலும் நீராவி ஓடினாலும் இந்தக் கணக்கு மாறாது, ஏனென்றால் இரண்டு பக்கமும் நிறைதான். லிட்டர் என்பது கன அளவு. அதைக் கிலோவாக்க அடர்த்தி தெரிந்தாக வேண்டும். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றே வைத்துக்கொள்வோம்: தண்ணீர் என்றால் மணிக்கு 600 கிலோ, டீசல் என்றால் சுமார் 500 கிலோ, சாதாரணக் காற்றழுத்தத்தில் 20 டிகிரி செல்சியஸில் உள்ள ஆக்சிஜன் என்றால் 0.8 கிலோதான்! உங்கள் அட்டவணையை நம்பி ஆக்சிஜனுக்குக் கணக்குப் போடும் மாணவர் 600 என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

வாயுக்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அதே அழுத்தத்தில் 0 டிகிரியில் அளந்த லிட்டருக்கும் 20 டிகிரியில் அளந்த லிட்டருக்கும் நிறையில் சுமார் 7 சதவீதம் வித்தியாசம் வரும், அதனால் வெப்பநிலை, அழுத்தம் இரண்டையும் சொல்லாமல் லிட்டரை மட்டும் கொடுத்தால் பாதித் தகவல்தான்.

இது பரீட்சை மார்க்கோடு முடிகிற விஷயமும் இல்லை. 1983 ஜூலையில் ஏர் கனடாவின் போயிங் 767 ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, இரண்டு இன்ஜினும் நின்று, கிம்லி என்ற ஊரின் பழைய விமானத்தளத்தில் மிதந்தபடியே இறங்கியது. லிட்டரைக் கிலோவாக்க 0.8-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் 1.77-ஆல் பெருக்கியிருந்தார்கள், அது லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்பதற்கான எண். தேவையானதில் பாதிகூட டாங்கியில் இல்லை. 69 பேரும் உயிர் பிழைத்தார்கள்.

அப்புறம், 'டன்' என்று மட்டும் போட்டிருக்கிறீர்கள். மெட்ரிக் டன் 1000 கிலோ, அமெரிக்க டன் சுமார் 907, பழைய பிரிட்டிஷ் டன் சுமார் 1016. எந்த டன் என்று பக்கத்திலேயே எழுதிவிட்டால் குழப்பம் இருக்காது.

அந்த அட்டவணையைத் திருத்தி மறுபடி வெளியிடுங்கள். லிட்டர் வருகிற வரிகளைத் தனியாகப் பிரித்து, எந்தப் பொருள், என்ன அடர்த்தி, எத்தனை டிகிரியில், என்ன அழுத்தத்தில் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பழையதை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கும் பிள்ளைகள் கண்ணில் படும்படி, அதே பக்கத்தில் வரட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்