சூளைப் பிள்ளைகளை ஜனவரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உலகம் முழுக்க 13.8 கோடிப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வும் யுனிசெஃபும் 2025-ல் சொன்ன கணக்கைப் படித்ததும், எனக்கு எங்கள் திருவள்ளூர் பக்கத்துச் செங்கல் சூளையில் பார்த்த ஒரு பிள்ளையின் முகம்தான் நினைவுக்கு வந்தது. எட்டு வயசு இருக்கும். அப்பா மண் குழைக்கிறார், அம்மா அச்சில் அடித்துக் கல் போட்டுக்கொண்டே போகிறார், இவள் முந்தின நாள் போட்ட பச்சைக்கல்லை ஒவ்வொன்றாகப் புரட்டி நிறுத்துகிறாள், எல்லாப் பக்கமும் வெயில் பட வேண்டுமே. குடிசையில் தொங்குகிற பையில் இரண்டாம் வகுப்பு ஒடியா புத்தகம் இருந்தது. பாதிவரைக்கும்தான் பென்சில் குறி. அங்கிருந்து பத்து நிமிஷம் நடந்தால் அரசுப் பள்ளி, காலையில் சாப்பாடும் போடுகிறார்கள்.

இவர்கள் ஒடிசாவின் பலாங்கீர், நுவாபடா பக்கத்து ஆட்கள். நுவாக்காய் பண்டிகை முடிந்ததும் ஏஜென்ட் வந்து முன்பணம் கொடுப்பார், அதைக் கழிக்கத்தான் இங்கே வருகிறார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கணக்கு. வேலை செய்கிற கைகள் அதிகமானால் கடன் சீக்கிரம் தீரும், அதனால் அப்பா அம்மாவோடு பிள்ளையையும் சேர்த்தே ஒரு கூட்டாகப் பேசுகிறார்கள், அதற்கு அவர்கள் ஊரில் பதுரியா என்றே பெயர். நம் ஊர் இருளர் குடும்பங்களும் இதே முன்பணத்தில் சூளைக்குப் போயிருக்கிறார்கள். பாகிஸ்தான் பஞ்சாபில் இதையே பேஷ்கி என்கிறார்கள், அங்கேயும் கல் புரட்டுவது பிள்ளைகள்தான்.

நான் சொல்ல வந்தது மாதக் கணக்கைப் பற்றி. மழை விட்ட பிறகு, பொங்கலை ஒட்டித்தான் சூளை வேலை சூடுபிடிக்கும், ஜூன் வாக்கில் முடிந்து ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். நாம் சேர்க்கைப் பேரணி, மேளம், பேனர் எல்லாம் வைப்பது பள்ளி திறக்கிற ஜூனில். அப்புறம் எப்படி இந்தப் பிள்ளைகள் கண்ணில் படுவார்கள்? அங்கே படிப்பைப் பாதியில் விட்டு வந்தவர்கள், இங்கே எந்தப் பதிவேட்டிலும் இல்லாமல் ஆறு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போகிறார்கள்.

பொங்கல் கழித்து அந்த அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்குப் போனேன். டி.சி. இருக்கா, ஆதார் இருக்கா என்று கேட்டார்கள், கடைசியில் ஜூனில் வாங்க என்றார்கள். 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தில் தெளிவாகவே இருக்கிறது: டி.சி. வரத் தாமதமானாலும், வயசுச் சான்று இல்லாவிட்டாலும், வருஷத்தின் நடுவில் வந்தாலும் சேர்க்க மறுக்கக் கூடாது. இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது உள்ளாட்சியின் கடமை என்று தனியாகவே எழுதியிருக்கிறார்கள். இதை அன்றைக்கே எடுத்துச் சொல்லாமல் வந்துவிட்டேனே என்று இன்னும் மனசு உறுத்துகிறது. அந்தக் குடும்பம் ஊருக்குப் போய்விட்டது.

மொழி புரியாதே என்பார்கள். இதே மாவட்டத்தில் சூளைகளுக்குள்ளேயே ஒடியா புத்தகம், ஒடியா தெரிந்த ஆசிரியர் என்று வகுப்பு நடத்திக் காட்டியிருக்கிறார்கள், முடியாத காரியம் இல்லை. ஒடிசாவிலும் பெற்றோர் வேலைக்குப் போகிற மாதங்களில் பிள்ளைகளைத் தங்கவைக்கப் பருவகால விடுதிகள் இருக்கின்றன, ஆனால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்தவள் வேண்டும் என்று கூட்டி வந்துவிடுகிறார்கள். அதனால் சூளைக்குப் பக்கத்தில் ஒரு அங்கன்வாடி இருந்தாலே பெரிய பிள்ளைக்குப் பாதி விடுதலை.

கல்வித் துறை இந்த ஜனவரியில் சூளை சூளையாகப் போய் ஒரு கணக்கெடுக்கட்டும். காகிதம் கேட்காமல் அன்றைக்கே பெயர் எழுதட்டும், காலை உணவும் மதிய உணவும் அன்றிலிருந்தே கிடைக்கட்டும். ஊர் திரும்பும்போது இத்தனை நாள் இந்த வகுப்பில் படித்தாள் என்று ஒடியாவிலும் ஒரு தாள் எழுதிக் கொடுத்தால், அங்கே மறுபடி இரண்டாம் வகுப்பிலேயே உட்கார வைக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருவள்ளூர் மாவட்டம்