ஸ்கான் மெஷின் விசயமாக மகளுக்கு

உவர்மலை,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

உன் கிளினிக்குக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கான் மெஷின் வாங்க நீ அனுப்பின மூன்று கொட்டேசனையும் கையோடு எடுத்துக்கொண்டு புதன்கிழமை இரவு ரயிலில் கொழும்புக்குப் போனேன். மூன்று ஏஜன்டுமாரிடமும் மெஷினைப் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு நேற்று விடியத்தான் வந்து சேர்ந்தேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் கடன் உன் பெயரில் விழப்போகிறது. எழுத்தில் இருந்தால் நீயும் மாப்பிள்ளையும் ஆறுதலாக இருந்து வாசிக்கலாம்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். இரண்டாவதை எடு, பிள்ளை. படம் மூன்றாவதில்தான் வடிவு, அதை நான் மறைக்கவில்லை. அப்படியிருந்தும் இரண்டாவதைத்தான் சொல்கிறேன்.

முதலாவது பாவித்த மெஷின், திருத்திப் புதிதுபோல் ஆக்கி வைத்திருக்கிறார்கள். விலையைப் பார்த்தால் ஆசை வரும். பெட்டி பளபளவென்று இருந்தது. நான் ஜெல் போடாமல், வயிற்றில் வைத்துப் பார்க்கிற கொன்வெக்ஸ் புரோப்பைக் கையில் எடுத்து, ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, அதன் முகத்தில் ஒரு ஓரத்திலிருந்து மற்ற ஓரத்துக்கு மெதுவாக இழுத்தேன். கம்பி போகிற இடமெல்லாம் திரையில் ஒரு வெளிச்சக் கோடு கூடவே போகவேண்டும். இடது பக்கத்தில் இரண்டு இடத்தில் கோடு அணைந்து, பிறகு வந்தது. அந்த இடத்தில் உள்ளே இருக்கும் பளிங்குத் துண்டுகள் செத்துவிட்டன. இப்படியான புரோப்பில் பெரும்பாலும் 128 துண்டுகள் வரிசையாக இருக்கும். ஆறு, ஏழு போனாலும் ஜெல் போட்டு வயிற்றில் வைத்தால் பக்கத்துத் துண்டுகள் ஈடுகொடுத்துப் படம் நன்றாகத்தான் தெரியும். இரத்த ஓட்டம் பார்க்க டொப்ளர் போடும்போதுதான் ஏமாற்றும். ஓட்டம் இருக்கிற இடத்தில் குறைவாகக் காட்டும். "ஜெல் போட்டால் சரியாகிவிடும் ஐயா" என்று அந்தப் பொடியன் சொன்னான். நான் ஒன்றும் சொல்லாமல் புரோப்பைத் துடைத்து வைத்துவிட்டு வந்தேன்.

மூன்றாவது, வயிற்றிலிருக்கிற பிள்ளையின் முகத்தை 4டியில், அசைகிற முப்பரிமாணப் படமாகக் காட்டுகிறது. தம்பிக்கும் அதில்தான் விருப்பம், சனம் வரும் என்கிறான். வரும். ஆனால் அந்த விலைக்குள், பெண்ணுறுப்பு வழியாக உள்ளே வைத்துப் பார்க்கிற டிரான்ஸ்வஜைனல் புரோப் இல்லை, அது வேறு காசு. படங்களை வெளியே அனுப்புகிற டைகொம் வசதிக்கும் வேறு காசு. ஆறு வாரக் கர்ப்பத்தில் அடிவயிற்று நோவோடு ஒரு பிள்ளை வந்தால், கரு கருப்பைக்குள்ளா வெளியிலா என்று பார்க்க உனக்கு எது வேண்டும் என்பதை நான் சொல்லித் தரத் தேவையில்லை. கொன்வெக்ஸ், டிரான்ஸ்வஜைனல் இரண்டும் கட்டாயம். தைரொயிட், மார்பு, காலில் இரத்தக்கட்டி பார்க்க, தட்டை முகமுள்ள லீனியர் புரோப் ஒன்று. மூன்றும் ஒரே நேரத்தில் கொழுவியிருக்க மெஷினில் மூன்று சொக்கட் வேண்டும். இரண்டாவது கொட்டேசனில் இவ்வளவும் அடக்கம்.

ஆனால் நான் அதைத் தெரிவுசெய்தது அதற்காக மட்டும் இல்லை. மூன்று இடத்திலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: பழுதானால் திருகோணமலைக்கு யார் வருவார், எத்தனை நாளில்? இரண்டு இடத்தில், மெஷினைக் கொழும்புக்கு அனுப்புங்கள் என்றார்கள். இரண்டாவது கொம்பனிக்கு மட்டக்களப்பில் ஒரு எஞ்சினியர் இருக்கிறார். நம்பரை வாங்கி அங்கேயே நின்று கதைத்தேன். போன மாதம் மட்டும் இரண்டு தரம் இங்கே வந்து போயிருக்கிறார்.

நான் வேலை செய்த ஓரிடத்தில் மெஷின் ஐந்து மாதம் கட்டில் விரிப்பால் மூடிக் கிடந்தது உனக்குத் தெரியாது, நீ அப்போது சின்னப்பிள்ளை. உள்ளே ஒரே ஒரு சர்க்கிட் போர்ட் பழுது. கிண்ணியாப் பாலம் 2009இல்தான் திறந்தது, இது அதற்கு முந்தின கதை. மூதூர்ப் பக்கமிருந்து லோஞ்சில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி வந்தா. மிட்வைஃப் எழுதிக் கொடுத்த துண்டை மேசையில் வைத்தா. மெஷின் வேலை செய்யாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன். அவ அந்தத் துண்டை நாலாக மடித்து, சின்னப் பேர்சுக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடிவிட்டு, "அப்ப எப்ப ஐயா வாறது?" என்று கேட்டா. எனக்குச் சொல்ல ஒரு திகதி இருக்கவில்லை. பிறகு அவ வரவில்லை. அந்தத் துண்டு மடித்த விரல்கள் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. உன்னுடைய மேசையில் அப்படி ஒரு துண்டு திரும்பிப் போகக்கூடாது, மகள்.

அதனால் அக்ரிமெண்டில் இரண்டு வரி எழுதி வாங்கு. புரோப் பழுதானால் திருத்தி வரும்வரை மாற்று புரோப் தரவேண்டும். புரோப்புக்கும் மெஷினுக்குச் சமமான வொரண்டி வேண்டும். இப்போது மெஷினுக்கு மூன்று வருடமும் புரோப்புக்கு ஒரு வருடமும் போட்டிருக்கிறார்கள். கையிலிருந்து விழுவதும் வயர் முறுகுவதும் புரோப்புக்குத்தான். மெஷினை தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் (என்எம்ஆர்ஏ) பதிந்த பிரதியையும் கேள். கிளினிக் பதிவுக்கான பத்திரங்களை நான் எடுத்துவிட்டேன், அந்த அலைச்சலை என்னிடம் விடு.

மிச்சக் காசில், கரண்ட் நின்றாலும் ஒரு நொடியும் விடாமல் பற்றரியில் ஓட்டுகிற ஒன்லைன் வகை யூபிஎஸ் ஒன்று வாங்கு, மலிந்ததைப் பார்க்காதே. 2022 பங்குனி (மார்ச்) கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். டொலர் 200 ரூபாயிலிருந்து வைகாசிக்குள் (மே) 360ஐத் தாண்டியது. உதிரிப் பாகங்களுக்குச் சொல்லிவிட்டு எத்தனை இடத்தில் காத்துக் கிடந்தார்கள். கரண்ட் போய் வரும்போது வருகிற அடிதான் சர்க்கிட் போர்ட்டைத் தின்னும்.

இன்னொன்று, நம்முடைய உப்புக் காற்று. ஜன்னல் கம்பிக்கு வருடாவருடம் பெயின்ட் அடிக்கிற வீடு இது. கடல் பக்கத்து ஜன்னலை அடைக்க மேசனிடம் சொல்லியிருக்கிறேன். கிழமைக்கு ஒருதரம் பின்பக்க ஃபில்டரைக் கழற்றித் தூசு தட்டுவது என் வேலை. புரோப் முகத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைக்க எந்த நேர்ஸ் பிள்ளையையும் விடாதே, ரப்பர் வெடித்துப்போகும். கொம்பனி சொல்கிற மருந்து மட்டும்தான்.

முன்னறைக் கதவை அளந்தேன். 33 அங்குலம், மெஷின் தாராளமாகப் போகும். நிலைப்படிதான் உயரம், சில்லு ஏறாது. தச்சர் ஞாயிற்றுக்கிழமை வந்து சரிவாக ஒரு பலகை அடித்துத் தருகிறேன் என்றிருக்கிறார். அம்மா அந்த அறையிலிருந்த தையல் மெஷினை இன்று காலைதான் உள்ளே எடுத்தா.

வெள்ளிக்கிழமைக்குள் பதில் போடு. கொம்பனிக்காரருக்கு அதற்குப் பிறகு சொல்கிறேன் என்றுதான் சொல்லி வந்தேன்.

அன்புடன்,
அப்பா