செல்போன் இருக்கும் இடத்தில் ஆள் இருப்பதில்லை

தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் பெருநகர சென்னை மாநகராட்சியின் பொது சுகாதாரத் துறைக்கும்,

வணக்கம்.

மணலி, கொடுங்கையூர், இராயபுரம், அரும்பாக்கம், ஆலந்தூர், வேளச்சேரி, பெருங்குடி எனப் பல இடங்களில் உள்ள தொடர் கண்காணிப்பு நிலையங்கள் நுண்துகள் (பிஎம் 2.5, அதாவது 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத துகள்) அளவை மணிக்கு மணி சொல்கின்றன. அது நிலையத்தைச் சுற்றியுள்ள காற்றின் கணக்கு. ஒருவர் நுரையீரலுக்குள் போனது எவ்வளவு என்பது, அவர் எங்கே எத்தனை மணி நேரம் இருந்தார் என்பதைப் பொறுத்தது. இதை அறிய வடசென்னையில் ஓர் ஆய்வு தொடங்குங்கள். ஆனால் ஆள் இருக்கும் இடத்தைப் பதியும் செல்போன் செயலியை மட்டும் நம்பி அதைச் செய்ய வேண்டாம்.

ஏன் என்று ஓர் உதாரணக் கணக்கில் காட்டுகிறோம். வீட்டில் 14 மணி நேரம், கனமீட்டருக்கு 30 மைக்ரோகிராம். அடுப்படியில் 2 மணி நேரம், 150. சாலையில் 2 மணி நேரம், 90. வேலையிடத்தில் 6 மணி நேரம், 40. பெருக்கிக் கூட்டி 24ஆல் வகுத்தால் 47.5. அடுப்படி நேரத்தையும் "வீடு" என்றே பதிந்தால் 37.5 ஆகிவிடும். நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு 60. உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது 15. தவறிப்போன அந்த 10, சமைப்பவருடையது.

ஜிபிஎஸ்ஸுக்கு அடுப்படியும் கூடமும் ஒன்றுதான். கான்கிரீட் கூரைக்குக் கீழே புள்ளி எதிர்த் தெருவுக்கே தாவும். பேட்டரி சேமிப்பு முறை, பின்னணியில் ஓடும் செயலியை நிறுத்திவிடும். இவற்றைவிடப் பெரிய தவறு வேறு. விடியுமுன் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகும் அம்மாவின் போன் பிள்ளையிடம் இருக்கும். டீசல் புகைக்கு நடுவே அவர் நிற்கும்போது, அவர் வீட்டில் தூங்குவதாகப் பதிவாகும். போன் அசைந்ததா என்று அதிலுள்ள முடுக்கமானியை (அசைவை உணரும் பாகம்) பார்த்தாலும், தூக்கிச் சென்றவர் யார் என்று அது சொல்லாது.

அதனால் உடலோடு அணியும், இடத்தைப் பதியும் சிறு ஜிபிஎஸ் பதிவி ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொடுங்கள். நிமிடத்துக்கு ஒரு புள்ளி போதும். கூடவே 15 நிமிடக் கட்டம் போட்ட தமிழ்க் குறிப்பேடு வேண்டும். "உள்ளே, வெளியே" என்று மட்டும் கேட்காதீர்கள். ஜன்னல் திறந்திருந்ததா, கொசுவத்திச் சுருள் எரிந்ததா, சாம்பிராணி போட்டார்களா என்று கேளுங்கள். மூடிய அறையில் இரவெல்லாம் எரியும் சுருளை எந்த நிலையமும் பார்க்காது. எழுத முடியாதவர்களுக்குப் படம் போட்ட கட்டம் வையுங்கள்; களப்பணியாளர் அன்று மாலையே போய் நிரப்ப வேண்டும். மறுநாள் கேட்டால், சின்னச் சின்னப் பயணங்கள்தான் முதலில் மறந்துபோகும்.

ஒவ்வொருவரும் எடுத்துச் செல்லும் நுண்துகள் கருவி கைப்பையில் இருக்கக் கூடாது. அதில் காற்று நுழையும் துளை மூக்கிலிருந்து 30 செ.மீ.க்குள் இருக்கட்டும். விலை குறைந்த லேசர் கருவிகள் நம் ஊர்ப் புழுக்கத்தில் கூடுதலாகக் காட்டும். ஈரம் குடித்துப் பருத்த துகள், ஒளியை அதிகம் சிதறடிப்பதே காரணம். ஆய்வுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு வாரம் இராயபுரம் நிலையக் கருவிக்குப் பக்கத்தில் எல்லாவற்றையும் வைத்து ஒப்பிடுங்கள். ஈரப்பதத்தையும் சேர்த்தே பதியுங்கள். அது 80 சதவீதத்தைத் தாண்டிய நேரத்து அளவுகளைத் திருத்தாமல் ஏற்க வேண்டாம். பேட்டரி தீர்ந்து மீண்டும் இயங்கும் கருவி சிலவேளை 1970 ஜனவரி 1 என்று தேதி காட்டும். தினமும் கடிகாரத்தைச் சரிபார்க்காவிட்டால் அடுப்பு நேரமும் பேருந்து நேரமும் இடம் மாறிவிடும்.

ஒவ்வொருவருக்கும் ஏழு நாள், ஞாயிறு உட்பட. ஒரு முறை ஜனவரியில், ஒரு முறை கோடையில். போகிப் புகை நாளைத் தனியாகக் கணக்கிடுங்கள், சராசரியில் கரைத்துவிடாதீர்கள்.

ஒருவர் இரவு எங்கே தங்குகிறார் என்பதை இந்தத் தரவு காட்டிக் கொடுக்கும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சம்மதப் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வெளியிடும்போது ஆயத்தொலைவுகளை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) மூன்று தசமத்துக்குச் சுருக்கினாலும் சுமார் 110 மீட்டர்தான் மறையும். அது போதாது, வார்டு அளவில் மட்டும் வெளியிடுங்கள்.

முடிவுகளை அறிக்கையோடு நிறுத்தாமல், பங்கெடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கத் தாளாகக் கொடுங்கள்: எந்த மணி நேரத்தில், எந்த இடத்தில், எவ்வளவு.

இப்படிக்கு,
காற்று மாசு அளவீட்டுப் பணியில் இருப்பவர்கள்
சென்னை