பிரிக்க விடாமல் தடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள பெரியவருக்கும், அத்தைக்கும், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும், என் மனைவிக்கும்,

போன வியாழக்கிழமை வீட்டிலேயே நாங்கள் கட்டிய ஆர்வி-7 என்ற சின்ன விமானத்துக்குப் பறக்கும் தகுதிச் சான்றிதழ் கைக்கு வந்தது. ஆறரை வருஷம். விஸ்கான்சின் பனியில் இரண்டு கார்களும் வெளியே நிற்க, கராஜுக்குள் ஒரு விமானம் வளர்ந்தது.

ஆய்வாளர் மூடிகளைக் கழற்றச் சொல்லி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். வால் பகுதியில் வெளிச்சம் ஒரு இடத்தில் நின்றது. "இந்த வரிசையில இது ஒண்ணு மட்டும் ஏன் குண்டா இருக்கு?" என்று கேட்டார். நான் பதிவேட்டைத் திருப்பி அந்த ராத்திரியின் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டுத் தலையாட்டி அடுத்த மூடிக்குப் போய்விட்டார். அந்தத் தலையாட்டலுக்குக் காரணமானவர்கள் நீங்கள்தான். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

சென்னைத் தமிழில் ரிவிட் அடிப்பது என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். தகடுகளை ஒன்றோடொன்று இணைக்கும் ரிவெட் ஆணிகள் இந்த விமானத்தில் பத்தாயிரத்துக்கு மேல். அதில் எனக்கு நானே அடித்துக்கொண்டது எத்தனை என்பது எனக்குத்தான் தெரியும்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளிப்பக்கம் ரிவெட்டின் தலை தகட்டோடு தகடாகப் படிந்திருக்க வேண்டும். உள்பக்கம் அதன் வால் நசுங்கி ஒரு குட்டிப் பொத்தான் மாதிரி ஆக வேண்டும். பொத்தானின் அகலம் ரிவெட் விட்டத்தில் ஒன்றரை மடங்கு, உயரம் விட்டத்தில் பாதி. 3/32 அங்குல ரிவெட் என்றால் எள்ளைவிடக் கொஞ்சம் பெரிய பொத்தான். அது லேசாகச் சாய்ந்திருந்தால்கூட முதல் வருஷம் எனக்குத் தூக்கம் வராது.

அப்படித்தான் செங்குத்து வாலில் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு, கண்ணுக்குப் பிடிக்காத ஒன்பது ரிவெட்டுகளுக்குப் பேனாவால் வட்டம் போட்டுவிட்டு டிரில்லை எடுத்தேன். முதல் இரண்டும் ஒழுங்காக வந்தன. மூன்றாவதில் டிரில் வழுக்கிப் பக்கவாட்டில் தின்றுவிட்டது. உருண்டை ஓட்டை முட்டை வடிவம் ஆகிவிட்டது. படம் எடுத்துப் பெரியவருக்கு அனுப்பினேன். 'எதையும் தொடாதே, காலையில் வருகிறேன்' என்று பதில் வந்தது.

பெரியவரே, உங்கள் பெயரைப் போடக் கூடாது என்று சொல்லிவிட்டீர்கள், போடவில்லை. ஆனால் இதையாவது சொல்ல விடுங்கள். சொந்தமாக விமானம் கட்டுகிறவர்களின் சங்கமான இஏஏ 1953இல் தொடங்கியது. அதில் தொழில்நுட்ப ஆலோசகர்கள் என்று சிலர் உண்டு. சம்பளம் கிடையாது. கூப்பிட்ட வீட்டுக்கு வந்து வேலையைப் பார்த்துச் சொல்வார்கள். நீங்கள் வந்ததும் அந்த முட்டை ஓட்டையைப் பார்க்கவே இல்லை. சட்டைப் பையிலிருந்து அளவு பார்க்கும் தகட்டை எடுத்து, நான் வட்டம் போட்ட மீதி ஆறின் மீதும் ஒவ்வொன்றாக வைத்தீர்கள். இது போதும். இதுவும் போதும். ஆறும் தேறிவிட்டன. அந்த வாலிலேயே உண்மையான பழுது ஒன்றுதான், அதுவும் ராத்திரி நான் உண்டாக்கியது.

பிறகு ஒரு இருமல் மிட்டாய் டப்பாவைத் திறந்தீர்கள். உள்ளே என்ஏஎஸ் 1097 என்ற வகை ரிவெட்டுகள். உடம்பு 1/8 அங்குலம், தலை மட்டும் சின்னது, கிட்டத்தட்ட 3/32 ரிவெட்டின் தலை அளவுதான். கெட்டுப்போன ஓட்டையை 30ஆம் நம்பர் டிரில்லால் உருண்டையாக்கி இதைப் போட்டால் வெளியே வித்தியாசம் தெரியாது, உள்ளே பொத்தான் மட்டும் குண்டாக இருக்கும். இங்கே கட்டுகிறவர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'ஊப்ஸ் ரிவெட்'. நம் ஊரில் என்றால் 'ஐயையோ ரிவெட்' என்றிருப்போம். ஆய்வாளரின் டார்ச் நின்றது இதன் மேல்தான்.

கழற்றுவது எப்படி என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். தலையின் ஆழம் வரை மட்டும் டிரில் போக வேண்டும். அந்தக் குழிக்குள் ஒரு கம்பியை விட்டு நெம்பினால் தலை டக்கென்று கழன்று வரும். அடிக்கும்போது உடம்பு ஓட்டைக்குள் உப்பி இறுகியிருக்கும், அதனால் பின்னால் முட்டுக் கொடுக்காமல் தட்டக் கூடாது, தட்டினால் தகடு வளைந்துவிடும். நான் முட்டுக் கொடுக்காமல்தான் தட்டிக்கொண்டிருந்தேன்.

அத்தை, நீங்கள் பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த அந்த ஆறு மாதம். ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கராஜ் ஹீட்டர் பக்கத்தில் பூண்டு உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் மறுபடி டிரில்லை எடுத்த ஒரு நாள், முப்பது வருஷம் ஜாக்கெட் தைத்தவர் குரலில் சொன்னீர்கள்: "மாப்பிள்ளை, பிரிச்ச தையல் மேலயே திரும்பத் திரும்பத் தைச்சா ஊசி போன எடமே கிழிஞ்சிரும். துணி தாங்குமான்னு பாத்துட்டுப் பிரிங்க." பெரியவர் அளவுத் தகட்டை வைத்துச் சொன்னதும் இதுதான். அன்றைக்கு டிரில்லைக் கீழே வைத்துவிட்டேன்.

எல்லாவற்றையும் 'இருக்கட்டும்' என்று விட்டுவிடவும் முடியாது. தகட்டை உள்ளிருந்து தாங்கும் விலா எலும்பு மாதிரியான ஒரு ரிப்பின் விளிம்பில் மூன்று ஓட்டைகளைக் கெடுத்தேன். ரிவெட்டின் தலை படிந்து உட்கார ஓட்டையைச் சுற்றிக் குழி வைக்கும் டிம்பிள் அடிக்கும்போது கருவியின் ஊசி ஓட்டையில் உட்காராமல் பக்கத்தில் குத்தியதால் 8 மாதிரி ஆகிவிட்டன. பெரிதாக்கிச் சரிசெய்யலாம் என்று பார்த்தால், ஓட்டையின் நடுவிலிருந்து விளிம்புவரை ரிவெட் விட்டத்தில் இரண்டு மடங்காவது தகடு இருக்க வேண்டும். இருக்கவில்லை. பெரியவர் அதை எடுத்து என் கராஜ் சுவரில் ஆணியில் மாட்டிவிட்டு, புதிது வாங்கச் சொன்னார். இன்னும் அங்கேயே தொங்குகிறது.

சுக்கான் தகடு 0.016 அங்குலம், விசிட்டிங் கார்டு மாதிரி. கடைசி ரிவெட் அடியில் முட்டாக வைத்திருந்த இரும்புத் தட்டை விட்டு நகர்ந்து மர மேஜை மேல் இருந்ததைக் கவனிக்காமல் அடித்தேன். கட்டைவிரலால் அமுக்கியது போல ஒரு பள்ளம். பாதி எடுத்தோம், பாதி இருக்கிறது. புட்டியை அப்பி மறைத்துவிடலாம் என்றேன். கீலுக்குப் பின்னால் எடை ஏறினால் சுக்கானின் சமநிலை கெடும் என்று பெரியவர் அதையும் தடுத்துவிட்டார். மெல்லிசாக ஒரு பூச்சு, அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுப் பெண்ணே, உன் கை ஒல்லியாக இல்லாவிட்டால் வால் கூம்பு மூடியிருக்காது. மூன்று சனிக்கிழமை உள்ளே படுத்து, நான் வெளியிலிருந்து அடிக்க, ரிவெட்டின் வாலுக்கு முட்டாக இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனமான டங்ஸ்டன் கட்டையைப் பிடித்துக்கொண்டாய். ஒவ்வொரு ரிவெட்டுக்கும் உள்ளேயிருந்து 'நல்லாருக்கு' என்று தட்டிச் சொன்னாய். நான்கு தடவை 'நல்லால்ல' என்றும் சொன்னாய். அந்த நான்கையும்தான் கழற்றினேன்.

என் மனைவிக்கு: புது ரிப் வந்த பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டு விலை என்ன என்று நீ கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ரிப்பைவிடத் தபால் செலவு அதிகம் என்று சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

அத்தை, அந்தக் குண்டு ரிவெட் வாலில் இடது பக்கம், மேலிருந்து நான்காவது. அடுத்த முறை வரும்போது டார்ச்சோடு காட்டுகிறேன்.

அன்புடன்,
உங்கள் மாப்பிள்ளை