‘கைப்பிடி இனி திரும்பாது என்னும் வரை இறுக்கவும்’: உங்கள் செய்முறைத் தாள் குறித்த புகார்

அனுப்புநர்:
மரவேலைப் பட்டறை உரிமையாளர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: 4 அடி டி-பார் கிளாம்ப் 6 வாங்கியது – பெட்டியில் இருந்த தாளின்படி இறுக்கியதில் மேஜைப் பலகையும் இரண்டு கிளாம்ப்பும் வளைந்தது தொடர்பாக.

ஐயா / அம்மா, வணக்கம்.

கடந்த பிப்ரவரியில் கிருஷ்ணகிரியில் ஒரு ஹார்டுவேர் கடையில் உங்கள் நிறுவனத்தின் 4 அடி டி-பார் கிளாம்ப் ஆறு வாங்கினேன். பலகைகளை ஓரத்தோடு ஓரம் பசை போட்டு ஒட்டும்போது, பசை காயும் வரை நெருக்கிப் பிடிக்கும் நீள இரும்புக் கருவி அது. விலை 9,600 ரூபாய். பில் நகல் இணைத்திருக்கிறேன். திருகின் மரை சுத்தமாக இருக்கிறது, மரத்தை அழுத்திப் பிடிக்கும் தாடை ஆடாமல் நிற்கிறது. அதில் எனக்குக் குறை இல்லை. என் புகார் பெரும்பாலும் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த அந்த ஒரு தாளைப் பற்றியது.

அதில் தமிழில் இப்படி அச்சடித்திருக்கிறீர்கள்: “2 அடிக்கு ஒன்று வீதம் பொருத்தவும். கைப்பிடி இனி திரும்பாது என்னும் வரை இறுக்கவும். தேவைப்பட்டால் கைப்பிடியில் இரும்புக் குழாய் மாட்டி இறுக்கலாம். இறுக்கம் கூடக்கூட ஒட்டு பலமாகும்.” பக்கத்தில் ஒரு படம். நான்கு கிளாம்ப்பும் பலகைக்கு அடியில், ஒரே பக்கமாக. தாடைக்கும் மரத்துக்கும் நடுவில் ஒரு துண்டுக் கட்டைகூட இல்லை.

இந்த நான்கு வாக்கியத்தில் ஒன்றுகூடச் சரியில்லை. ஆனால் நல்ல தமிழில், தெளிவான எழுத்தில் இருக்கிறது. அதனால்தான் என் பட்டறையில் தொழில் பழகும் தம்பி அதை நம்பினான்.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு தோப்பில் பழைய செந்தூரா மாமரம் ஒன்று கோடைக்காற்றில் சாய்ந்துவிட்டது. தோப்புக்கார அம்மாவின் அப்பா வைத்த மரம். விறகுக்குக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. “இதுல சாப்பாட்டு மேஜை ஒண்ணு செஞ்சு குடுப்பா, பிள்ளைங்க எல்லாரும் உட்காரட்டும்” என்றார். மாமரம் என்றால் சும்மா இல்லை. அறுத்தவுடன் கவனிக்காவிட்டால் பூச்சி விழும், நீலம் பாயும். மில்லில் ஒன்றரை அங்குலப் பலகையாக அறுத்து, போரிக்-போராக்ஸ் கரைசலில் ஊறவைத்து, இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்கி, 14 மாதம் நிழலில் காயவைத்தேன். ஆறடி நீளம், ஆறு அங்குல அகலத்தில் ஆறு பலகை தேறியது. இழைத்து முடித்தபோது கனம் 30 மில்லிமீட்டர். அவ்வளவுதான் மரம். கெட்டுப்போனால் எந்த டிப்போவிலும் வாங்க முடியாது.

ஏப்ரல் மாதம் ஊத்தங்கரையில் ஒரு சாவுக்கு நான் போக வேண்டியதாகிவிட்டது. ஓரங்களை நானே இழைத்து வைத்துவிட்டு, “பசை போடுறதுக்கு நான் வந்துடறேன்” என்றுதான் சொல்லிப் போனேன். நான் திரும்பி வர இரவாகிவிட்டது. வேலை நிற்கக் கூடாது என்று தம்பி உங்கள் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் சொன்னபடியே, குழாயும் மாட்டி இறுக்கியிருக்கிறான். அவன் ஐடிஐ படித்தவன். கை சுத்தம் உள்ளவன். அவனை நான் ஒரு வார்த்தை குறை சொல்ல மாட்டேன். பெரிய கம்பெனி அச்சடித்துக் கொடுத்ததைப் பின்பற்றியது தப்பா?

மறுநாள் காலை கிளாம்ப்பைக் கழற்றினோம். பலகையைக் கவிழ்த்து, அகலத்துக்குக் குறுக்கே அலுமினிய மட்டப்பலகையை வைத்தால் நடுவில் 7 மில்லிமீட்டர் இடைவெளி. கிளாம்ப் இருந்த பக்கம் குழிந்து, எதிர்ப்பக்கம் முதுகு தூக்கியிருந்தது. இரண்டு ஓரத்திலும் உள்ள முதல் ஒட்டில், கிளாம்ப்புக்கும் கிளாம்ப்புக்கும் நடுவில், காய்ந்த பசையைச் சுரண்டினால் கல்யாணப் பத்திரிகையின் மூலை நுழைகிற அளவு திறந்திருந்தது. தாடை பட்ட இடமெல்லாம் மரம் நசுங்கியிருந்தது. உங்கள் கிளாம்ப்பிலும் இரண்டு வளைந்தது வளைந்தபடியே நின்றுவிட்டது.

ஏன் இப்படி ஆகிறது என்று உங்கள் தாளை எழுதியவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக விளக்குகிறேன். இறுக்க இறுக்க, அடியில் இருக்கும் இரும்பு தாங்காமல் வளைகிறது. அது வளைந்தவுடன் தாடையின் மேல்பக்கம் வெளியே சாய்ந்துவிடும். அப்புறம் அழுத்தம் முழுவதும் பலகையின் கீழ் விளிம்பில்தான் விழும். கீழே நெருக்கி, மேலே விரித்து, நடுவில் பலகை கிளம்பிவிடுகிறது. இன்னும் இறுக்கினால் இன்னும் கிளம்பும். அதனால்தான் ஒரு கிளாம்ப்பை அடியிலும் அடுத்ததை மேலேயும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். திருகின் மையம் பலகையின் கனத்துக்கு நடுவே வரும்படி அடியில் கட்டை கொடுத்து உயர்த்துகிறோம். இரண்டு முனையிலும் மேலும் கீழுமாக நேரான குறுக்குச் சட்டம் வைத்து, அதில் பசை ஒட்டாமல் இருக்க பேக்கிங் டேப் சுற்றி, சி-கிளாம்ப்பால் (‘C’ வடிவச் சிறிய கிளாம்ப்) லேசாகப் பிடிக்கிறோம்.

2 அடிக்கு ஒன்று என்பதும் தவறுதான். கிளாம்ப்பின் அழுத்தம் தாடையிலிருந்து இரண்டு பக்கமும் சுமார் 45 டிகிரியில் விரிந்துகொண்டே உள்ளே போகும். ஓரப் பலகை ஆறு அங்குலம் என்றால், முதல் ஒட்டைச் சேரும்போது அது பக்கத்துக்கு ஆறு அங்குலம்தான் பரவியிருக்கும். அப்படியானால் அடிக்கு ஒரு கிளாம்ப் வேண்டும். 2 அடி விட்டு வைத்தால் நடுவில் ஓரடி நீளம் பட்டினியாகக் கிடக்கும். அந்த இடம் மூடவில்லையே என்று பார்ப்பவன் கைப்பிடியை இன்னும் முறுக்குவான். இடைவெளியில் நீங்கள் செய்த தவறை இறுக்கத்தால் சரிக்கட்டச் சொல்லியிருக்கிறீர்கள். ஓரத்தோடு ஒட்டி ஒரு கனமான சட்டம் வைத்தாலும் அழுத்தம் பரவும், மரமும் நசுங்காது. அதுவும் தாளில் இல்லை.

பசைக்கு அழுத்தமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும், ஆனால் அது ஒட்டு நெடுக ஒரே சீராக விழ வேண்டும். பசை போடும் முன் பலகைகளை வெறுமனே சேர்த்துப் பார்க்கும்போது கையால் தள்ளினாலே ஒட்டு மூட வேண்டும். அப்படி மூடாவிட்டால் திரும்பவும் இழைப்புளியைத்தான் எடுக்க வேண்டும். பசை போட்டு இறுக்கும்போது கோடு நெடுகக் கடுகு கடுகாகப் பசை முத்து எட்டிப் பார்க்கும். அங்கே கையை நிறுத்திவிட வேண்டும். நிறுத்தி, மட்டப்பலகையைக் குறுக்கே வைத்துப் பார்க்க வேண்டும், பசை ஈரமாக இருக்கும்போதே. அந்த நேரத்தில் அரைச் சுற்றுத் தளர்த்தினால் பலகை படிந்துவிடும். மறுநாள் பார்த்து என்ன பயன்? எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பெரியவர், கிளாம்ப்பை ஒரு கையால்தான் இறுக்க விடுவார்.

இன்னொன்று. எங்கள் ஊரில் ஏப்ரல் வெயிலில் வெள்ளைப் பசை சில நிமிடத்தில் ஆடை கட்டிவிடும். ஐந்து ஒட்டையும் ஒரே மூச்சில் போட்டு முடிக்க ஒற்றை ஆளால் ஆகாது. தமிழ்நாட்டில் விற்கும் பொருளின் தாளில் இதற்கு ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு இரண்டு முறை போன் செய்தேன். முதல் முறை பேசியவர், “இறுக்கம் போதலைனா அப்படி ஆகும் சார்” என்றார். வளைந்தது இறுக்கம் கூடியதால் என்று சொல்லியும் அவர் அதையே திரும்பச் சொன்னார். இரண்டாவது முறை பேசியவர், குழாய் மாட்டி இறுக்கினால் உத்தரவாதம் கிடையாது என்றார். குழாய் மாட்டச் சொன்னதே உங்கள் தாள்தான் என்று அதன் படத்தை அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை.

மேஜையை எப்படியோ காப்பாற்றினேன். இழைத்துச் சமப்படுத்தலாம் என்றால் 30 மில்லிமீட்டர் கனம் 23 ஆகிவிடும். ஆறடி மேஜைக்கு அது போதாது. அதனால் ஐந்து ஒட்டையும் ரம்பத்தில் அறுத்துப் பிரித்து, ஓரங்களைத் திரும்ப இழைத்தேன். ஒட்டுக்கு 5 மில்லிமீட்டர் போனது. நசுங்கிய வெளி ஓரங்களையும் எடுத்த பிறகு 36 அங்குல அகலம் 34½ ஆகக் குறைந்தது. இந்த முறை காலை ஏழு மணிக்கு முன்பே, முதலில் மூன்றும் மூன்றுமாக ஒட்டினோம். மறுநாள் இரண்டு பாதியையும் சேர்த்தோம். பசையின் ஈரத்தில் ஒட்டுப் பக்கம் மரம் உப்பியிருக்கும், உடனே இழைத்தால் பிறகு அந்த இடம் பள்ளமாகிவிடும் என்பதால் மூன்று நாள் விட்டு இழைத்தோம். உங்கள் கிளாம்ப்பில் மீதி நான்கையும் எங்களிடம் இருந்த பழைய மூன்றையும் மேலும் கீழும் மாற்றிப் போட்டுத்தான் இதைச் செய்தோம். மட்டப்பலகைக்கு அடியில் வெளிச்சம் தெரியவில்லை. அதாவது, சரியாகப் பயன்படுத்தினால் உங்கள் கிளாம்ப் நல்ல கிளாம்ப்.

அகலம் குறைந்ததை அந்த அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. வெட்டிய ஓரத் துண்டுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அது எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது.

நான் கேட்பது இது. வளைந்த இரண்டு கிளாம்ப்பையும் மாற்றித் தர வேண்டும். இரண்டு ஆள் மூன்று நாள் கூலியும் பசையும் சேர்த்து 6,400 ரூபாய் ஆனது, அதைத் தர வேண்டும். ஆனால் இவை இரண்டையும்விட எனக்கு முக்கியம் அந்தத் தாள். கடைகளில் இருக்கும் பெட்டிகளில் அதை மாற்றுங்கள். ‘குழாய் மாட்டி’ என்ற வரியை எடுத்துவிட்டு, குழாய் மாட்டக் கூடாது என்று பெரிய எழுத்தில் போடுங்கள். படத்தை, மேலே ஒன்று கீழே ஒன்று என்று மாற்றி வரையுங்கள். எழுதும் முன் வேலை தெரிந்த ஒரு ஆசாரியிடம் படித்துக் காட்டுங்கள். கூப்பிட்டால் நானே வருகிறேன், அதற்குக் காசு வேண்டாம்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84ஆம் பிரிவு, சரியாகப் பயன்படுத்தப் போதுமான அறிவுரை தராததையும் தயாரிப்பாளரின் பொறுப்பில் சேர்த்திருக்கிறது. சுயதொழில் செய்து பிழைக்க வாங்குபவரும் அந்தச் சட்டப்படி நுகர்வோர்தான். 30 நாளில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

பில் நகல், செய்முறைத் தாளின் நகல், மட்டப்பலகை வைத்து எடுத்த 5 படங்கள் இணைத்திருக்கிறேன். வளைந்த இரண்டு கிளாம்ப்பையும் தட்டி நிமிர்த்தாமல் அப்படியே வைத்திருக்கிறேன். உங்கள் ஆள் ஞாயிறு தவிர எந்த நாளும் பட்டறைக்கு வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
காவேரிப்பட்டணம்.