எழுதி வை, கண்ணு

அன்புள்ள கண்ணு,

இங்கே நலம். அம்மாவின் முழங்கால் வழக்கம்போல. நீ கடைசியாகப் பேசிய அன்று அம்மா என்னவோ சொன்னாள், உன் ஆராய்ச்சியில் மூன்றாவது பருவத்தில் கூடுகளைப் பார்த்து எண்ணிய கணக்கு முதல் இரண்டு பருவத்தோடு ஒத்துவரவில்லை, அதை விட்டுவிடலாமா என்று நீ யோசிப்பதாக. பாதிதான் காதில் விழுந்தது. அதைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை. அதற்கப்புறம் நீ பேசவே இல்லை, அதையும் கேட்கப்போவதில்லை.

வேறு சேதி சொல்கிறேன். செடியோரம் எறும்பு வரிசைக்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் நின்று நின்று போய்க்கொண்டிருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் எட்டுக் கால்! முன்னங்கால் இரண்டையும் தூக்கி உணர்கொம்பு மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தது. புல் நுனியால் தொட்டேன், நூல் விட்டுத் தொங்கிவிட்டது. எறும்பு வேஷம் போட்ட குதிக்கும் சிலந்தி. ஒரே நாளில் வந்த வேஷமா அது? கடிக்கிற எறும்பைத் தின்னப் பல பிராணிகள் தயங்கும். கொஞ்சமே கொஞ்சம் எறும்புச் சாயல் இருந்த சிலந்தி கூடத் தப்பிப் பிழைத்து முட்டையிட்டிருக்கும். அப்படியே தலைமுறை தலைமுறையாக. நீ இருந்திருந்தால் லென்ஸ் இல்லாமலே கண்டுபிடித்திருப்பாய். கண் என்றால் அவள் கண்தான் என்று பெரியப்பாவிடம் இன்னும் பெருமையடித்துக்கொண்டிருக்கிறேன், அவரும் பாவம் கேட்டுக்கொள்கிறார்.

தன் கருத்துக்கு எதிராக எது கண்ணில் பட்டாலும் உடனே குறித்து வைத்துவிடுவேன் என்று டார்வின் சுயசரிதையில் சொல்கிறார். நமக்குச் சாதகமானது நினைவில் நிற்கும், மற்றது நழுவிவிடும் என்பது அவர் அனுபவம். அவரே 1835இல் கலாபகோஸ் தீவுகளில் பிடித்த குருவிகளில் பலவற்றுக்கு எந்தத் தீவு என்று சீட்டு எழுதவில்லை. 1837இல் பறவையியலாளர் ஜான் கூல்டு அவற்றைப் பார்த்து, இவையெல்லாம் நெருங்கிய உறவுள்ள தனித்தனி இனங்கள் என்று சொன்ன பிறகு, கப்பலில் கூட வந்தவர்களின் சேகரிப்பைத் தேடிப்போக வேண்டியதாயிற்று. அதனால்தான் சொல்கிறேன், எழுதி வை. தேதி, இடம், மழை, எல்லாவற்றையும்.

அந்தக் குருவிகளின் மீதிக் கதை உனக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். பீட்டர், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதி 1973 முதல் அதே கலாபகோஸில் டாஃப்னி மேஜர் என்ற குட்டித் தீவில் அலகு அலகாக அளந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. சின்ன விதைகள் தீர்ந்துபோய், கடினமான பெரிய விதைதான் மிச்சம். அதை உடைக்க முடிந்த பெரிய அலகுக் குருவிகள்தான் அதிகம் பிழைத்தன, அவற்றின் குஞ்சுகளுக்கும் அலகு பெரிதாகவே இருந்தது. அத்தோடு மூட்டை கட்டியிருந்தால் அலகு பெரிதாகிக்கொண்டே போகும் என்று யாராவது எழுதியிருப்பார்கள். 1983இல் பசிபிக் கடல் சூடேறுவதால் வரும் எல் நினோ மழை கொட்டித் தீர்த்தது. தீவெங்கும் கொடி படர்ந்து, சின்ன விதை ஏராளமாகக் கிடைத்தது. அதன் பின் வந்த வறண்ட காலத்தில் சின்ன அலகுக்காரர்கள் கை ஓங்கிவிட்டது. இயற்கைத் தேர்வு ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்காது என்று காட்டியது, அந்த ஒத்துவராத வருடங்கள்தான். அவற்றை விட்டிருந்தால்?

உன் மூன்றாவது பருவத்தில் மழை எப்படி? இரை குறைந்ததா? கூடு கட்டத் தாமதமானதா? பார், கேட்கமாட்டேன் என்றவன் கேட்டுவிட்டேன்.

உன் வழிகாட்டிக்குக் கட்டுரை அவசரம் இருக்கலாம். ஆனால் மூன்று பருவமும் வெயிலில் நின்று எண்ணியது நீ. அவ்வளவு நேரம் ஒரு கூட்டையே பார்த்துக்கொண்டிருக்கும் பொறுமை எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. அந்தப் பொறுமையில் கொஞ்சம் வீட்டுக்குப் பேசுவதற்கும் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

நோட்டில் ஒரு வரியையும் அடிக்காதே. எழுதியது எழுதியபடி இருக்கட்டும். காரணம் பிடிபடவில்லையா, பிடிபடவில்லை என்றே எழுது. கட்டுரை ஒரு வருடம் தள்ளிப்போனால் போகட்டும், எங்களுக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கும் அப்படித்தான், அவளைக் கேட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடாமல் என்னிடமும் கொடுக்கச் சொல்.

அப்பா